கார்த்திகை முதல் மூலம் வரை: நட்சத்திரக் கொத்துகளைப் படமெடுக்கச் சில பயனுள்ள குறிப்புகள்

நட்சத்திரக் கொத்தைப் படமெடுக்க டெலஸ்கோப் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்த்திகைக் கொத்து வானத்தில் கிட்டத்தட்ட 2 பாகை அகலம். நாலு பௌர்ணமி நிலாவை வரிசையாக அடுக்கலாம். ரோகிணியைச் சுற்றிக் கிடக்கும் ஹையடிஸ் கொத்து 5 பாகைக்கும் மேல். பெரும்பாலான டெலஸ்கோப்புகளுக்குள் அது அடங்கவே அடங்காது. குடும்ப விசேஷங்களுக்காக வாங்கி வைத்திருக்கும் கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி, இவை போதும். எடுப்பது பாதி வேலை. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் பக்குவமாக வெளியே கொண்டுவருவது மறுபாதி. அந்த மறுபாதியில்தான் பலரும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டப் போய்க் கொத்தையே தொலைத்துவிடுகிறார்கள். பத்தாயிரம் புள்ளிகள் உள்ள படத்தைவிட, கொத்து கொத்தாகவும் மற்றவை பின்னணியாகவும் தெரிகிற படம்தான் நல்ல படம்.

1. நாள் குறிக்கத் தினசரி காலண்டரே போதும். அமாவாசைக்கு முந்தைய ஒரு வாரம் முன்னிரவுப் படங்களுக்கு ஏற்றது. நிலா உதிக்க நடுநிசி தாண்டிவிடும். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள் வரை பிறை சீக்கிரம் இறங்கிவிடுவதால் அதுவும் பரவாயில்லை. காலண்டரில் இன்னொரு வசதியும் உண்டு. அன்றைய நட்சத்திரம் என்று போட்டிருக்கிறதே, அது நிலா அன்று எந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறது என்பதற்கான குறிப்பு. கார்த்திகை என்று போட்ட நாளில் நிலா கார்த்திகைக் கொத்தின் பக்கத்திலேயே நிற்கும். பூசம் என்றால் பூசக் கொத்தின் பக்கத்தில். அந்த நாட்களில் அந்தக் கொத்துகளை விட்டுவிடுங்கள். திருக்கார்த்திகையும் தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டி வருபவை, கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து தூங்கலாம்.

2. எந்த மாதம் எதை எடுப்பது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் தமிழ்நாட்டில் முதல் தரம். ஜனவரி மூன்றாம் வாரம் இரவு 8 மணி வாக்கில் கார்த்திகை உச்சிக்கு வந்துவிடும், ரோகிணி அதன் பின்னாலேயே. மார்ச் நடுவில் 9 மணிக்குப் பூசக் கொத்து கிட்டத்தட்டத் தலைக்கு மேல். மே நடுவில் 10 மணிக்குத் தெற்கே ஒமேகா செண்டாரி. ஜூனில் நள்ளிரவை ஒட்டி விருச்சிகத்தின் கொடுக்கில், மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், எம் 6, எம் 7 என்ற இரண்டு கொத்துகள். மேற்கு மாவட்டங்களில் அப்போது மேகம் மறைக்கலாம், கிழக்குக் கரையில் வாய்ப்பு அதிகம்.

ஒமேகா செண்டாரி சாதாரணக் கொத்து இல்லை. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டது. மதுரையிலிருந்து பார்த்தால் தொடுவானத்துக்கு மேல் 32 பாகை வரை ஏறும். லண்டன்காரர்களுக்கு அது ஒருநாளும் உதிப்பதில்லை. வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததற்குத் தெற்கு வானம் இப்படி எட்டுவதும் ஒரு காரணம். 50 மி.மீ. லென்ஸில் ஒமேகா செண்டாரி சிறிய மங்கலான பொட்டாகத்தான் விழும். 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ் இருப்பவர்கள் எடுங்கள்.

3. தெருவிளக்கைத் தண்ணீர்த் தொட்டியால் மறையுங்கள். மாடியில் தொட்டியின் நிழல் விழும் மூலையில் நின்றால் லென்ஸுக்குள் நேரடியாக வெளிச்சம் புகாது. கண்ணும் இருட்டுக்குப் பழகும். லென்ஸ் ஹுட் கட்டாயம் போடுங்கள். துணி காயவைக்கும் கொடிக்கம்பி படத்தின் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருட்டில் அது தெரியாது.

4. ஊர் வெளிச்சத்தை வடிகட்டுவதாகச் சொல்லி விற்கும் விலையுயர்ந்த ஃபில்டர்களை நட்சத்திரக் கொத்துக்காக வாங்க வேண்டாம். அவை குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிரும் வாயு மேகங்களுக்கானவை. நட்சத்திரம் எல்லா நிறத்திலும் ஒளிர்வது. ஃபில்டர் தெருவிளக்கை வெட்டும்போது அதையும் சேர்த்தே வெட்டும். அந்தப் பணத்துக்கு ஏற்காடோ ஏலகிரியோ ஒருமுறை போய்வரலாம்.

5. முக்காலியின் நடுத்தண்டில் ஒரு துணிப்பையில் செங்கலோ மணலோ போட்டுத் தொங்கவிடுங்கள். பை காற்றில் ஊஞ்சலாடினால் பயனில்லை, அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கீழே தண்ணீர் மோட்டார் ஓடினால் தளம் அதிரும். தொட்டியை முன்னதாகவே நிரப்பிவிடச் சொல்லுங்கள். மாடியில் யாரும் நடமாடாமல் இருப்பதும் நல்லது. குழந்தைகளுக்கு ஒரு பாய் விரித்துப் படுத்து வானம் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கும் பொழுது போகும், படமும் பிழைக்கும்.

6. ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், குறிப்பாகக் கடலோர ஊர்களில். லென்ஸ் உடனே வியர்த்துவிடும். அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். நடுவில் பனி படிந்தால் முந்தானையாலோ கைக்குட்டையாலோ துடைக்க வேண்டாம். கீறல் விழும், ஃபோகஸும் நகரும். பவர் பேங்க்கில் செருகுகிற யூஎஸ்பி சூட்டுப் பட்டை ஒன்றை லென்ஸின் முன்பக்கத்தில் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

7. கொசுவர்த்திச் சுருளை லென்ஸுக்கு முன்னால் வைக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். புகை நட்சத்திரங்களை மங்கடிப்பதோடு கண்ணாடியிலும் படியும். கொசு விரட்டும் கிரீம் தடவிய கையால் லென்ஸைத் தொட வேண்டாம்.

8. லென்ஸை முழுசாகத் திறக்காதீர்கள். எஃப் 1.8 லென்ஸ் என்றால் எஃப் 2.8 வையுங்கள். முழுத் திறப்பில் படத்தின் ஓரங்களில் நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும், நீல நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் வரும். கார்த்திகை முழுக்க நீலம் என்பதால் அங்கே இந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

லென்ஸின் உள் இதழ்களால் துளையைச் சுருக்கினால் பிரகாசமான நட்சத்திரங்களில் கதிர்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிப்பதில்லை, கொத்தில் பக்கத்து நட்சத்திரத்தை அந்தக் கதிர் வெட்டுகிறது. 135 மி.மீ. போன்ற லென்ஸ் வைத்திருப்பவர்கள் உள் இதழ்களை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, கறுப்பு சார்ட் அட்டையில் வட்டத் துளை வெட்டி லென்ஸின் முன்னால் பொருத்திவிடலாம். கணக்கு எளிது: லென்ஸின் மி.மீ. அளவை வேண்டிய எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம். 135 மி.மீ. லென்ஸை எஃப் 4 ஆக்க 34 மி.மீ. துளை. பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள காம்பஸ் போதும். வெட்டிய விளிம்பில் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும், இருந்தால் அதுவே கதிராக மாறும்.

9. ஃபோகஸுக்குப் பொறுமையாக நேரம் ஒதுக்குங்கள். மற்ற எந்தத் தவறையும் பிறகு ஓரளவு சரிக்கட்டலாம், இதை முடியாது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். பல லென்ஸ்களில் வளையம் அதையும் தாண்டிப் போகும். ரோகிணி போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். நட்சத்திரம் பெரிய வட்டமாக இருந்து சுருங்கிச் சுருங்கி, புள்ளியாகி, மறுபடி விரியத் தொடங்கும். விரியத் தொடங்கிய இடத்திலிருந்து திரும்பி வாருங்கள். இன்னொரு அடையாளம்: ஃபோகஸுக்கு ஒரு பக்கத்தில் நட்சத்திரத்தின் விளிம்பு சிவப்பாகவும், மறுபக்கத்தில் பச்சை அல்லது நீலமாகவும் தெரியும். இரண்டு நிறமும் மறையும் இடமே சரியான இடம். அதோடு, இதுவரை திரையில் தெரியாத மங்கலான நட்சத்திரங்கள் சட்டென்று எட்டிப்பார்க்கும்.

சரியானதும் வளையத்தை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, காற்று குளிர்ந்த பின், மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

10. எத்தனை விநாடி? 500ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்க வேண்டும் என்று ஒரு பழைய விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய நுண்ணிய பிக்சல்களுக்கு அது ஒத்துவராது. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. 24 மெகாபிக்சல் கொண்ட சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒரு பிக்சல் சுமார் 16 வில்விநாடி. ஆகவே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு பிக்சல் நட்சத்திரம் நகர்ந்துவிடும். பழைய விதிப்படி 10 விநாடி வைத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசி மணியாகிவிடும். 3 விநாடி வையுங்கள். 135 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு விநாடிதான். வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் அதற்கு மெனக்கெடுவது வீண்.

11. மற்ற செட்டிங்குகள்: ரா ஃபார்மட், ஐஎஸ்ஓ 1600, வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சம். நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு நேரம் தின்னும். லென்ஸின் ஸ்டெபிலைசரும் அணைந்திருக்கட்டும். ஹிஸ்டோகிராமின் மேடு இடதுபக்கத்திலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருந்தால் சரி. நகர மாடியில் மேடு நடுவைத் தாண்டினால் ஐஎஸ்ஓவை 800க்கு இறக்குங்கள்.

12. ஒரு படம் போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். நூறு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நானூறுக்கு இருபதில் ஒரு பங்கு. 3 விநாடிப் படங்கள் 400 என்றால் மொத்தம் 20 நிமிட வெளிச்சம். கேமராவிலேயே இன்டர்வெல் டைமர் இருந்தால் அதை ஓடவிடுங்கள், இல்லையென்றால் கம்பி வைத்த ரிமோட் வாங்குங்கள். கையால் பொத்தானை அமுக்கினால் ஒவ்வொரு முறையும் அதிரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது முன்பிருந்த அதே இடத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். சென்சாரின் நிலையான கறைகள் ஒரே இடத்தில் சேராமல் சிதறிப்போகும்.

கடைசியில் அரை விநாடியில், ஐஎஸ்ஓ 200ல், ஒரு இருபது படமும் எடுத்து வையுங்கள். ஏன் என்று 19ஆம் குறிப்பில்.

13. டிராக்கர் வாங்கியவர்களுக்கு நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். அந்த நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அதுதான் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் வெறும் 8. எதிர்வீட்டு மாடியே மறைத்துவிடும். மறைந்திருந்தால் கவலை வேண்டாம்: உயரத்தைப் போனில் உள்ள சாய்வுமானியால் அட்சரேகைக்குச் சரிசெய்து, திசையை வடக்குக்கு வைத்தால் போதும். 2 பாகை பிசகினாலும் 50 மி.மீ. லென்ஸில் 30 விநாடிக்கு ஒரு பிக்சல் அளவுதான் நகரும்.

வடக்கைக் கண்டுபிடிக்கப் போன் காம்பஸை நம்பாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பியே அதைக் கலைத்துவிடும். பகலிலேயே வேலையை முடிக்கலாம். உங்கள் ஊரின் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் சரி நடுவான நேரத்தைக் கணக்கிடுங்கள். அந்த நிமிடத்தில், தூக்குக்குண்டு கட்டிய நூலின் நிழல் தரையில் விழும் கோடு சுத்தமான வடக்கு தெற்கு. சாக்பீஸால் கோடு போட்டு, பிறகு பெயின்ட்டால் நிரந்தரமாக்கிவிடுங்கள். கோடைக்காலத்தில் சூரியன் தலைக்கு வடக்கே போகும்போது நிழல் தெற்கே விழும், கோடு என்னவோ அதேதான்.

14. டார்க் படம்: சென்சாரின் நிலையான கறைகளைக் கழிக்க இது தேவை. வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் முப்பது படம். மாடியிலேயே எடுங்கள். சென்சாரின் சூடு மாறினால் இரைச்சலும் மாறும் என்பதால் மறுநாள் ஏசி அறையில் எடுப்பது உதவாது.

15. ஃப்ளாட் படம்: லென்ஸின் ஓரக் கருமையையும் சென்சார் தூசியையும் நீக்க இது தேவை. வெளுத்த வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து லென்ஸின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். லேப்டாப்பில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன் மேல் சாய்த்து, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி இருபது முப்பது படம் எடுங்கள். டேப்பைப் பிரிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், ஃபோகஸும் எஃப் எண்ணும் மாறக் கூடாது. நீலக் கரை, ஜரிகை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

16. மழைக்காலம் முழுக்க லென்ஸ் பீரோவில் துணிகளோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். பழைய தகரத் தட்டில் சூடாக்கினால் நீலம் திரும்பும். சமைக்கும் வாணலி வேண்டாம், அந்த நீலச் சாயம் நச்சு. அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

17. இனி கம்ப்யூட்டர் வேலை. சிரில் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் சீக்வேட்டர் அல்லது டீப்ஸ்கை ஸ்டாக்கரில் தொடங்கலாம், அவையும் இலவசமே. அடுக்குவதற்கு முன் படங்களை ஒரு ஓட்டம் பார்த்து, மேகம் புகுந்தவை, அதிர்ந்தவை எல்லாவற்றையும் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். விமானமும் செயற்கைக்கோளும் கோடு போட்ட படங்களைத் தூக்க வேண்டியதில்லை. அடுக்கும்போது சிக்மா முறையைத் தேர்ந்தால் ஒன்றிரண்டு படங்களில் மட்டும் உள்ளதை மென்பொருள் தானாகவே ஒதுக்கிவிடும். சென்னை விமானப் பாதைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

18. அடுக்கி முடித்த படம் கறுப்பாக, ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். பதற வேண்டாம். முதலில் ஊர் வெளிச்சத்தால் வந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்யுங்கள். இதற்கு சிரிலிலேயே வசதி இருக்கிறது, கிராக்ஸ்பர்ட் என்ற இலவச மென்பொருளும் நன்றாகச் செய்யும். மாதிரிப் புள்ளிகளைக் கொத்தின் மேல் வைக்காதீர்கள். வைத்தால் கொத்தின் மங்கலான ஒளியையே ஊர் வெளிச்சம் என்று நினைத்து மென்பொருள் உறிஞ்சிவிடும்.

அடுத்து நிறத் திருத்தம். படத்தில் உள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் முறை சிரிலில் உண்டு, லென்ஸின் மி.மீ. அளவும் பிக்சல் அளவும் கொடுத்தால் போதும். கண்ணால் பார்த்து நிறம் கூட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

19. இப்போது முக்கியமான கட்டம், படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. இங்கேதான் கொத்து வாழும் அல்லது சாகும். லெவல்ஸ், கர்வ்ஸ் என்று இழுத்துக்கொண்டே போனால் மங்கலான நட்சத்திரங்கள் எல்லாம் மேலே வரும். பிரகாசமானவை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் அதற்கு மேல் போக இடமில்லை. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் வெள்ளை. வெள்ளையடித்தபோது தரையில் தெறித்த சுண்ணாம்புப் புள்ளிகள் மாதிரி ஒரு படம் கிடைக்கும். அதில் எது கார்த்திகை, எது பின்னணி?

இதற்குப் பதிலாக ஆசின்ஹ் என்ற முறையைப் பயன்படுத்துங்கள். சிரிலில் அந்தப் பெயரிலேயே பொத்தான் இருக்கிறது. ராபர்ட் லப்டனும் சகாக்களும் ஸ்லோன் வான் ஆய்வுப் படங்களுக்காக 2004ல் விளக்கி எழுதிய முறை இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுக்காமல், மூன்றுக்கும் இடையிலான விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒளியைக் கூட்டும். அதனால் நிறம் வெளுக்காது. ஒரே இழுப்பாக இழுக்காமல் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் படத்தை 100 சதவீத அளவில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கொத்தின் நடுத்தர நட்சத்திரங்கள் தெளிவானதும் கையை எடுத்துவிடுங்கள், கடைசிப் புள்ளி வரை தோண்ட வேண்டாம்.

ரோகிணி போன்றவை 3 விநாடியிலேயே எரிந்து வெள்ளையாகியிருக்கும். எந்த முறையாலும் இல்லாத நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அரை விநாடிப் படங்களை எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். அவற்றைத் தனியாக அடுக்கி, பிரகாசமான நட்சத்திரங்களின் நடுப்பகுதியை மட்டும் கிம்ப் என்ற மென்பொருளில் மாஸ்க் போட்டு ஒட்டுங்கள்.

நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதில் பொருள் இருக்கிறது. கார்த்திகைக் கொத்துக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு. அதன் பிரகாசமான நட்சத்திரங்கள் எல்லாம் இன்னும் சூடான நீலம். ஹையடிஸுக்கு 60 கோடி ஆண்டுக்கும் மேல். அங்கே நீல நட்சத்திரங்கள் எரிந்து தீர்ந்து, நான்கு பெரிய நட்சத்திரங்கள் ஆரஞ்சுக்குப் போய்விட்டன. 50 மி.மீ. லென்ஸில் இரண்டு கொத்தும் ஒரே சட்டத்துக்குள் வரும். நிறம் காப்பாற்றப்பட்ட படத்தில் எது இளையது எது மூத்தது என்பது விளக்கம் இல்லாமலே தெரியும். ஹையடிஸ் காட்டும் வி வடிவத்திலேயே ஆகப் பிரகாசமான ரோகிணி மட்டும் கொத்தைச் சேர்ந்ததல்ல. ஹையடிஸ் 150 ஒளியாண்டுத் தொலைவில் இருக்க, ரோகிணி 65ல் முன்னால் நிற்கிறது. எம் 6 எடுப்பவர்கள் நீலக் கூட்டத்துக்கு நடுவே பிஎம் ஸ்கார்பி என்ற ஒற்றை ஆரஞ்சு நட்சத்திரம் நிறம் மாறாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்கள் வேலை சரி.

20. பிரகாசமானவை பிரகாசமாகத் தெரிய இன்னொரு வழி, எடுக்கும்போதே லென்ஸில் போடும் லேசான சாஃப்ட் ஃபில்டர். பெரிய நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய நிற ஒளிவட்டம் வந்து, சின்னவற்றிலிருந்து தனித்துத் தெரியும். ஜப்பானின் அகிரா ஃபூஜி எடுத்த நட்சத்திர மண்டலப் படங்களுக்கு உலகெங்கும் பேர் வாங்கித் தந்தது இந்தத் தோற்றம்தான். 50 மி.மீ. வரை அழகு, நீண்ட லென்ஸில் பஞ்சு மிட்டாய் ஆகிவிடும்.

21. கார்த்திகையைச் சுற்றியுள்ள நீலப் புகைக்கு ஆசைப்பட்டு நகர மாடியில் மல்லுக்கட்டாதீர்கள். அது நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் தூசு. 1859ல் வானியலாளர் டெம்பல் அதன் ஒரு பகுதியைத் தொலைநோக்கியில் கண்டார். 1885ல் பாரிஸில் ஹென்றி சகோதரர்கள் கொத்தில் உள்ள மாயா நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் பிடித்தது கண்ணால் அல்ல, புகைப்படத் தகட்டால். அவ்வளவு மங்கல். இருண்ட மலை, டிராக்கர், ஒன்றிரண்டு மணி நேர வெளிச்சம், இவை மூன்றும் சேர்ந்தால் வரும். வராத புகையை நீலத் தூரிகையால் வரைந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். தூசியின் இழைகள் ஓடும் திசை தெரிந்தவர்களிடம் அது செல்லாது.

22. நட்சத்திரங்களைப் படத்திலிருந்து தனியே பிரிக்கும் ஸ்டார்நெட் போன்ற கருவிகள் நெபுலாக்காரர்களுக்கு. நமக்கு நட்சத்திரம்தான் படமே. பிரித்துச் சுருக்கி மறுபடி ஒட்டினால் கொத்தின் அளவு வித்தியாசங்கள் தட்டையாகிவிடும். ஏஐ கூர்மையாக்கும் ஆப்களை இன்னும் தள்ளி வையுங்கள், இரைச்சலை நட்சத்திரமாக்கிவிடும். ஷார்ப்பன் அதிகமானால் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் கறுப்பு வளையம் விழும். கண்டால் பாதியாகக் குறையுங்கள்.

23. ஊதா வளையம் மிச்சமிருந்தால் அந்த நிறத்தை மட்டும் தேர்ந்து வண்ணச் செறிவைக் குறைத்தால் போதும். பின்னணி பச்சையடித்தால் பச்சை இரைச்சலை நீக்கும் பொத்தானைத் தட்டுங்கள்.

24. பின்னணியை முழுக் கறுப்பாக்காதீர்கள். 0 முதல் 255 வரையான அளவில் 25, 30ல் நிற்கட்டும். மாலை வெளிச்சத்தில் திரையைப் பார்த்துச் செய்த படம் இரவில் வேறுமாதிரி இருக்கும். அதனால் மறுநாள் பகலில் ஒருமுறை, போனில் ஒருமுறை பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். வேலை முடியும்வரை டிஃப் கோப்பாகவே வைத்திருங்கள், ஜேபெக் கடைசியில்.

25. எண்ணிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. 1610ல் வெளியிட்ட நூலில் கலிலியோ கார்த்திகைக் கொத்தில் 36 நட்சத்திரங்களை வரைந்திருந்தார்; பூசக் கொத்தில் 40க்கு மேல் பார்த்ததாக எழுதினார். உங்கள் மாடிப் படம் அதைத் தாண்டியிருக்கும். பெயர் தெரியாத நட்சத்திரங்களுக்கு அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் படத்தை ஏற்றினால் எந்தப் பகுதி, என்னென்ன பெயர் என்று அதுவே குறித்துத் தரும்.

26. வெட்டும்போது கொத்தை நெருக்கி வெட்டாதீர்கள். சுற்றிலும் வெறும் வானம் இருந்தால்தான் நடுவில் ஒன்று திரண்டிருப்பது கண்ணுக்குப் படும். பூசக் கொத்துக்குக் குறைந்தது அதன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இடம் விடுங்கள்.

27. பிரிண்ட் போடுகையில் திரையில் தெரிவதைவிட இருட்டாகத்தான் வரும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டிக் கொடுங்கள். ஸ்டூடியோவில் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நட்சத்திரத்தை எல்லாம் புள்ளிக் குறை என்று மெஷின் வெளுத்துவிடும். முதலில் 4க்கு 6 அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு 12க்கு 18 கொடுங்கள். மாட் தாளில் கறுப்பு சாம்பலாகும், பளபளப்புத் தாளே நல்லது. ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்ட வேண்டாம்.